மேரி ஆண்டர்சன் அம்மையார்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சென்னை மாநகரில் பெய்யும் மழை தனி இயல்புடையது. தென்மேற்குப் பருவக்காற்று மேலைக் கடற்கரைக்கும் மலைநாட்டுக்கும் வளம் வழங்கி ஓய்ந்த பின்னர், வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் நீரை முகந்து கரையேறும். ஓராண்டில் இந்நகரம் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்கள்களில் பெய்துவிடுகிறது. அந்நாள்களில் மயிலாப்பூரின் மாட வீதிகளில் நீர் புரண்டோடும். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுப்பப்பட்ட தியாகராய நகரோ, தான் ஏரியாய் இருந்த காலத்தை மறவாதது போல, ஒரு நாட் பெருமழைக்கே நீரைத் தேக்கிக் காட்டும். அடையாற்றுப் பாலத்தின்மீது செல்லுங்கால் கடற்காற்று மழைத் தாரைகளைப் பக்கவாட்டில் சாய்த்து வீசும்.

அத்தகைய மழையில் கார் ஓட்டிச் செல்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் வலியதாய் இருக்கலாம். பிரேக் செம்மையாய் இருக்கலாம். விளக்குகளும் நன்கு ஒளிரலாம். எனினும், முன்கண்ணாடியில் வழியும் நீரைத் துடைத்தெறிய ஒரு முழத்துக்கும் குறைந்த ரப்பர்ப் பட்டை ஒன்று இல்லையாயின், அவ்வளவும் பயனற்றுப் போம். ஓட்டுநர்கள் வைப்பர் என வழங்கும் அத்துடைப்பானைக் கோடையில் நினைப்பார் இலர். முதல் மழை பெய்யும் மாலைப்பொழுதில்தான் அது இயங்குமா இயங்காதா என்னும் கவலை பிறக்கும். ஒரு காலத்தில் இக்கருவி உலகில் எங்கும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்தவாறே அதன் முன்புறத்தைத் துடைக்கலாம் என்பதை எண்ணி, அதற்கோர் அமைப்பை வரைந்து, அரசாங்கத்தின் காப்புரிமையும் பெற்றவர் மேரி ஆண்டர்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணியார். அவர் பொறியியல் பயின்றவர் அல்லர்; தொழிற்சாலை எதனையும் உடையவரும் அல்லர்.

மேரி அம்மையார் 1866-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், கிரீன் மாவட்டத்தைச் சேர்ந்த பர்ட்டன் ஹில் என்னும் பண்ணையில் பிறந்தார். அந்நாட்டில் வடபகுதியார்க்கும் தென்பகுதியார்க்கும் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் அதற்கு முந்திய ஆண்டிலேதான் முடிவுற்றது. அடிமைகளின் உழைப்பால் செழித்திருந்த தென்னாட்டுப் பண்ணைகள் அப்போருக்குப் பின்னர்ப் பழைய நிலையை இழந்தன. அம்மையாருக்கு நான்கு வயது நிரம்பும் காலத்தில், 1870-இல், தந்தையாரும் இறந்தார். அன்னையார் ரெபெக்காவும், மேரியும், உடன்பிறந்தாளாகிய ஃபேனியும் தந்தையார் விட்டுச் சென்ற சொத்தின் வருவாயைக் கொண்டு வாழ்ந்தனர். ஆண்துணையற்ற அக்குடும்பத்தில் கணக்கு எழுதுவதும், வரவு செலவு பார்ப்பதும், ஆட்களை ஏவுவதும் பெண்மக்கள் கடமையாகவே இருந்தன. அம்மையார் தம் வாழ்நாளின் இறுதி வரை எவரையும் சாராது தொழில் நடத்தியதற்கு இவ்விளமைப் பயிற்சியே வித்தாயிற்று எனலாம்.

1889-இல் அம்மூவரும் பர்மிங்காம் என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அந்நகரம் 1871-இல் தோன்றிய புதுநகரம். இரும்புத் தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் அருகருகே கிடைத்தமையால் அங்கு உருக்காலைகள் பெருகின. மக்கள் திரள் திரளாய் வந்து குடியேறினர். வந்தவர்க்கெல்லாம் வீடு வேண்டுமன்றோ? அம்மையார் அதனை உணர்ந்து, ஹைலண்ட் அவென்யூ என்னும் சாலையில் ஃபேர்மாண்ட் என்ற பெயருடைய குடியிருப்புக் கட்டடம் ஒன்றை எழுப்பி வாடகைக்கு விட்டார். பின்னர் 1893-இல் நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள கலிபோர்னியாவுக்குச் சென்று, ஃபிரெஸ்னோ என்னும் ஊரில் மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தினார். அப்போது அவருக்கு 27 வயது. மணம் புரியாத இளம்பெண் ஒருத்தி அத்தனை தொலைவு சென்று பண்ணை நடத்துவது அக்காலத்தில் எளிதில் காணத்தக்க செயலன்று. 1898-இல் அவர் பர்மிங்காமுக்கே மீண்டார்.

அவரை உலகம் நினைவிற் கொள்ளக் காரணமாகிய நிகழ்ச்சி 1902-ஆம் ஆண்டு இறுதிக்கும் 1903-ஆம் ஆண்டு தொடக்கத்துக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் நிகழ்ந்தது. அம்மையார் நியூயார்க் நகரைக் காணச் சென்றிருந்தார். அலபாமா வெப்பம் மிகுந்த நாடு. நியூயார்க்கிலோ குளிர்காலத்தில் மழையும் பனியும் கலந்து கொட்டும். விழும் நீர் விழுந்த இடத்திலேயே உறைந்து கூழாகும். தமிழ்நாட்டு மாணவர் அதனைக் கண்டிருக்க இயலாது. ஆலங்கட்டி மழையை நினைத்துக்கொண்டு, அக்கட்டிகள் பொடிப்பொடியாகிக் கண்ணாடியில் அப்பிக்கொள்வதாகக் கற்பனை செய்தால் ஒருவாறு விளங்கும்.

அத்தகைய ஒரு நாளில் அம்மையார் டிராம் வண்டியில் ஏறி அமர்ந்தார். மின்சார டிராம் சென்னைக்கும் புதியதன்று. இந்தியாவிலேயே முதன்முதலாக 1895-இல் மின்சார டிராம் ஓடியது சென்னையிலேதான். மயிலாப்பூர் வாசிகளுக்குப் பல்லாண்டு காலம் அதுவே நகரத்துக்குள் செல்லும் ஊர்தியாய் விளங்கிற்று. நியூயார்க் டிராமின் முன்புறத்தில் இரண்டு கண்ணாடிப் பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. பனி அப்பியதால் அவற்றின் வழியே யாதும் தெரியவில்லை. ஓட்டுநர் செய்வதறியாது அக்கண்ணாடிகளைத் திறந்துவிட்டார். வழி தெரிந்தது; ஆனால், குளிர்காற்றும் பனிநீரும் அவர் முகத்தில் அறைந்தன. அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்தோரும் நடுங்கினர்.

வண்டியில் இருந்தோர் பலர். அனைவரும் அக்காட்சியைக் கண்டனர். நாள்தோறும் அவ்வழியே சென்று வருவோர்க்கு அது பழகிப்போன துன்பம். குளிர்காலம் வந்தால் இவ்வாறுதான் இருக்கும் என அவர்கள் வாளாவிருந்தனர். வெளியூரிலிருந்து வந்த அம்மையாருக்கு மட்டும் அது வியப்பைத் தந்தது. கண்ணாடியைத் திறவாமலும், ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலும் அதனைத் துடைக்க வழி இல்லையா என்று அவர் சிந்திக்கத் தொடங்கினார். டிராமில் அமர்ந்தவாறே தாளில் கோடுகள் கிழித்துப் பார்த்தார் என்றும் கூறுவர். பழகிய கண்ணுக்குப் புலப்படாத குறை புதிய கண்ணுக்குப் புலப்படுவது உண்டு. எனினும், கண்டதோடு மறந்துபோவோரே உலகில் மிகுதி. அம்மையார் ஊர் திரும்பிய பின்னரும் அதனை மறந்தாரில்லை.

அவர் வரைந்த அமைப்பு மிக எளிது. ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில், வண்டியின் உட்புறத்தே ஒரு கைப்பிடி. அக்கைப்பிடியோடு இணைந்து, சட்டத்தை ஊடுருவி வெளிப்புறம் செல்லும் ஓர் அச்சு. அச்சின் வெளிமுனையில் ஒரு கை. அக்கையில் பொருத்திய ரப்பர்ப் பட்டை. ஓட்டுநர் உள்ளிருந்து கைப்பிடியை அசைத்தால் வெளியே அக்கை கண்ணாடியின்மீது வீசிச் செல்லும். ஒரு வில்லின் விசையால் மீண்டும் பழைய இடத்துக்கு வரும். பட்டை கண்ணாடியை விட்டு விலகாமல் அழுந்தி நிற்பதற்காக ஓர் எடையையும் அவர் அமைத்திருந்தார். பனிக்காலம் கழிந்ததும் முழு அமைப்பையும் கழற்றி வைத்துவிடலாம். தெளிந்த வானிலையில் கண்ணாடியின் அழகு கெடாது. இக்கடைசிக் குறிப்பு இல்லத்தை ஆளும் பெண்ணின் நுண்ணறிவைக் காட்டுகிறது. தேவைப்படாத பொருளைக் கண்ணெதிரே தொங்கவிட அவர் விரும்பவில்லை.

வெறும் படம் வரைந்ததோடு அவர் நிற்கவில்லை. கைத்தொழில் வல்லார் ஒருவரைக் கொண்டு திருத்தமான வரைபடம் எழுதுவித்து, உள்ளூர் நிறுவனம் ஒன்றில் மாதிரிக் கருவியும் செய்வித்தார். 1903-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பம் அனுப்பினார். அதற்கு இரண்டு நாள்கள் முன்னர்த்தான், ஜூன் 16-ஆம் நாள், ஹென்றி ஃபோர்டு தம் மோட்டார் நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தார். அவரது புகழ்பெற்ற மாடல் டி வண்டி வெளிவர இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. கார் என்பது செல்வர் சிலரின் விளையாட்டுப் பொருளாய் இருந்த காலம் அது. அதே 1903-இல் சென்னையிலும் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பார் நீராவியால் இயங்கும் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். கார் ஓட்டுவோரே அரிதாயிருந்த உலகில், அதன் கண்ணாடியைத் துடைக்கும் கருவியை யார் தேடுவர்?

1903 நவம்பர் 10-ஆம் நாள் அம்மையாருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் எண் 743801. அவ்வாண்டிலேயே இரயில் எஞ்சின் கண்ணாடியைத் துடைக்கும் கருவி ஒன்றுக்கு வேறொருவரும், இங்கிலாந்தில் இன்னொருவரும் உரிமை பெற்றனர் என்பதையும் இங்கே சொல்லுதல் முறை. ஒரு தேவை முதிர்ந்த காலத்தில் பல உள்ளங்களில் ஒரே எண்ணம் தோன்றுவது புதுமையன்று. ஆயினும், உள்ளிருந்து கைப்பிடியால் இயக்கும் கையும் ரப்பரும் கொண்ட அமைப்பு அம்மையாரின் படத்திலேயே தெளிவுற அமைந்தது. பிற்காலத் துடைப்பான்கள் அவ்வடிவையே ஒத்திருந்தன.

காப்புரிமைத் தாள் கைக்கு வந்தது, வாங்குவோர் வரவில்லை. 1905-இல் அம்மையார் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரைச் சேர்ந்த டின்னிங்-எக்கன்ஸ்டைன் என்னும் நிறுவனத்தாருக்கு எழுதி, தம் உரிமையை விலைக்குப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டார். அவர்கள் அதனை ஆராய்ந்து, தாங்கள் ஏற்று விற்பனை செய்யும் அளவுக்கு அதில் வணிக மதிப்பு இல்லை என்று மறுமொழி விடுத்தனர். கண்ணாடியின்மேல் ஒரு கை அங்குமிங்கும் அசைந்தால் ஓட்டுநரின் கவனம் சிதறும் எனச் சிலர் குறை கூறினர் என்பர். வழியே தெரியாதபோது சிதறுவதற்குக் கவனம் எங்கே இருக்கும் என அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அம்மையார் அதன் பின்னர் அக்காகிதங்களை மடித்து வைத்துவிட்டுத் தம் குடியிருப்புத் தொழிலைக் கவனிக்கலானார்.

அந்நாளில் அமெரிக்கக் காப்புரிமை 17 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் எவரும் அப்பொருளைச் செய்து விற்கலாம். கண்டறிந்தவருக்கு ஒரு காசும் தரவேண்டுவதில்லை. அம்மையாரின் உரிமை 1920-இல் காலங்கடந்து போயிற்று. அந்தப் 17 ஆண்டுகளில் உலகம் மாறியிருந்தது. மாடல் டி வண்டிகள் இலக்கக்கணக்கில் தெருவில் ஓடின. மழையிலும் பனியிலும் ஓட்டியாக வேண்டிய மருத்துவரும் வணிகரும் துடைப்பானைத் தேடி வாங்கலாயினர். 1920-களில் காரோடு சேர்த்தே அதனைப் பொருத்தித் தரும் வழக்கம் பரவிற்று. வேண்டாத காலத்தில் கையில் இருந்த உரிமை, வேண்டும் காலத்தில் கைவிட்டுப் போயிற்று. அம்மையாருக்கு அக்கருவியால் கிடைத்த பொருள் ஒன்றுமில்லை.

பிறர் அதனை வளர்த்தனர். 1917-இல் சார்லட் பிரிட்ஜ்வுட் என்னும் மற்றொரு பெண்மணியார் மின்சாரத்தால் இயங்கும் உருளைத் துடைப்பானுக்கு உரிமை பெற்றார். அவரும் அதனால் செல்வம் ஈட்டினாரில்லை. அதே 1917-ஐ ஒட்டி, பஃபலோ நகரத்து ஜான் ஓய்ஷி என்பார் மழையிரவில் கார் ஓட்டிச் செல்லுங்கால் எதிரே வந்த மிதிவண்டிக்காரரைக் காணாது மோதிவிட்டார். அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை உறுத்த, துடைப்பான் செய்யும் தொழிலையே மேற்கொண்டார். பின்னர் டிரைக்கோ எனப் பெயர் பெற்ற நிறுவனம் அது. இயந்திரம் காற்றை உறிஞ்சும் விசையைக் கொண்டு துடைப்பானைத் தானே இயங்கச் செய்யும் முறையை ஃபோல்பர்த் உடன்பிறந்தார் கண்டனர். 1926-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் மின்மோட்டாரால் இயங்கும் துடைப்பானை விற்பனைக்குக் கொணர்ந்தனர். சென்னையிலும் பாடியில் 1961-இல் தோன்றிய லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை, வண்டிகளின் மின்கருவிகளோடு துடைப்பான் மோட்டாரையும் செய்யலாயிற்று.

கைப்பிடிக்கு மாற்றாக மோட்டார் வந்ததே அன்றி, அம்மையாரின் படம் மாறவில்லை. இயக்கும் விசை, அதனைச் சுமந்து செல்லும் அச்சு, அழுந்தி வீசும் கை, துடைக்கும் ரப்பர் ஆகிய நான்குமே எந்தத் துடைப்பானிலும் உள்ள உறுப்புகள். சென்னையில் இன்றும் சிலர் பழைய அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு வண்டிகளைப் பேணி வருகின்றனர். அவ்வண்டிகளில் துடைப்பான் பழுதுறுமாயின், தேர்ந்த மெக்கானிக் அந்நான்கு உறுப்புகளையே ஒன்றன்பின் ஒன்றாக, ரப்பரில் தொடங்கிப் பின்னோக்கி ஆராய்வார். விலை குறைந்ததும் எளிதில் கெடுவதும் ரப்பரே ஆதலின் அதிலிருந்து தொடங்குவது அறிவுடைமை.

துடைப்பான் ஆடுகிறது, ஆயினும் கண்ணாடியில் கோடு கோடாக நீர் நிற்கிறது என்றால் குறை பெரும்பாலும் ரப்பரில் உள்ளது, அன்றேல் கண்ணாடியில் உள்ளது. சென்னையின் வெயில் ஒன்பது திங்கள் காய்ச்சியதில் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். அடையாற்றுப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். சாலையில் செல்லும் வண்டிகளின் புகையும் எண்ணெயும் கண்ணாடியில் மெல்லிய ஏடு போலப் படிந்திருப்பதும் உண்டு. முதலில் கண்ணாடியைச் சவர்க்கார நீரால் கழுவி, ரப்பரின் விளிம்பையும் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தல் வேண்டும். மண்ணெண்ணெயால் ரப்பரைத் துடைப்பது தவறு. ரப்பர் உப்பிக் கெடும். பட்டை ஒரு பக்கம் செல்லும்போது துடைத்து, மறுபக்கம் திரும்பும்போது தத்தித் தத்திச் சென்றால், கை முறுகியிருக்கிறது என்று அறியலாம். பட்டை கண்ணாடிக்கு நேர் செங்குத்தாய் நிற்குமாறு அதனைச் சிறிது திருத்தினால் தத்துதல் நிற்கும். அம்மையார் எடை வைத்த இடத்தில் இப்போது வில் இருக்கிறது. அது தளர்ந்துவிட்டால் வேகமாகச் செல்லும்போது காற்று பட்டையைத் தூக்கிவிடும்.

ஒரு கை ஆடி மறு கை நின்றுவிடின், அக்கை அச்சைப் பற்றியிருக்கும் இடம் தளர்ந்திருக்கும்; அன்றி, அச்சின் அடியிலுள்ள சிறு பற்சக்கரம் தேய்ந்திருக்கும். பழைய லூகாஸ் அமைப்பில் மோட்டாரிலிருந்து வரும் சுருட்கம்பி இச்சக்கரங்களை முன்னும் பின்னும் உருட்டுகிறது. சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை ஆதலின் அதன் ஒரு பகுதிப் பற்களே தேயும். எதிர்ப்பகுதி புதியது போலவே இருக்கும். கைதேர்ந்தோர் அதனைக் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டிவிடுவர். புதுப்பேட்டைப் பழம்பொருட் கடைகளில் அலைந்து மாற்றுச் சக்கரம் தேடும் வேலை அதனால் மிச்சமாகும்.

சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் முனகுகிறது, ஆனால் அசைவில்லை என்றால் உடனே அணைத்துவிட வேண்டும். நின்ற மோட்டாரில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் சுருள் கருகிப்போம். இரு கைகளையும் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பார்த்தால், தடை கையில் உள்ளதா உள்ளேயுள்ள கம்பியில் உள்ளதா என்பது விளங்கும். ஆண்டுக்கணக்கில் தொடாத கிரீஸ் அரக்குப் போல் இறுகிக் கம்பியைப் பிடித்திருப்பதே பெரும்பாலும் காரணம். முனகலும் இல்லையாயின் மின்சாரம் செல்லவில்லை. பழைய பிரிட்டிஷ் வகைக் கார்கள் பலவற்றில் துடைப்பானுக்கும் பிரேக் விளக்குக்கும் திசை காட்டும் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ் இருக்கும். இவை மூன்றும் ஒருங்கே நின்றிருந்தால் ஃபியூஸையும், துடைப்பான் மட்டும் நின்றிருந்தால் அதன் கம்பி இணைப்பையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். வண்டியின் இரும்புடலோடு சேரும் எர்த் இணைப்பில் துருப்பிடித்தால் மோட்டார் சோர்ந்து போம். எரிந்த ஃபியூஸுக்கு மாற்றாகத் தடித்த செம்புக் கம்பியைச் செருகும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது ஃபியூஸைக் காப்பாற்றி வண்டியை எரிக்கும் முறை.

காற்றை உறிஞ்சும் வகைத் துடைப்பான் கொண்ட மிகப் பழைய அமெரிக்க வண்டிகளில் ஒரு புதிர் உண்டு. வண்டி நிற்கும்போது துடைப்பான் துள்ளி ஆடும். பரங்கிமலை போன்ற மேட்டில் விசையை அழுத்தி ஏறும்போது அயர்ந்து நின்றுவிடும். இயந்திரம் மிகுதியாகக் காற்றை ஏற்கும்பொழுது உறிஞ்சும் விசை குறைவதே அதற்குக் காரணம். அது பழுதன்று, அவ்வமைப்பின் இயல்பு. சமதரையிலும் சோர்ந்தால்மட்டும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்த்தல் வேண்டும். அவ்வாறே, மிகப் பழைய சில வண்டிகளில் சுவிட்சை அணைத்த இடத்திலேயே துடைப்பான் நின்றுவிடும். தானே ஓரத்துக்குச் செல்லாது. அதனைப் பழுதென்று எண்ணிச் செலவு செய்தாரும் உளர். ஒரு வழியும் தோன்றாத நடுவழியில், நம் நாட்டு ஓட்டுநர் புகையிலையைக் கண்ணாடியில் தேய்த்து நீரை வழியச் செய்வர். அமெரிக்காவில் துடைப்பான் வருமுன் வெங்காயத்தையும் காரட்டையும் அவ்வாறு தேய்த்தனர் என்பர்.

பிற்காலத்தில், தூறலுக்கேற்ப விட்டுவிட்டு இயங்கும் துடைப்பானை அமைத்த ராபர்ட் கேர்ன்ஸ் என்பார் 1964-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பெரிய கார் நிறுவனங்கள் தம் அமைப்பை இசைவின்றிக் கையாண்டன என்று அவர் 1978-இல் வழக்குத் தொடுத்துப் பல்லாண்டு போராடி இழப்பீடு பெற்றார். அம்மையாருக்கு அவ்வழியும் இல்லை. அவரது உரிமை உயிரோடிருந்த காலத்தில் அதனைக் களவாடும் அளவுக்குக்கூட அதனை எவரும் மதிக்கவில்லை.

அம்மையார் ஃபேர்மாண்ட் குடியிருப்பைத் தம் முதுமையிலும் தாமே நிர்வகித்து வந்தார். தெருவில் செல்லும் எல்லாக் கார்களிலும் துடைப்பான் பொருத்தப்பட்டிருந்ததை அவர் கண்ணாரக் கண்டார். மழைநாள்களில் தம் வீட்டுச் சாளரத்தின் வழியே அவற்றை நோக்கும்போது அவர் உள்ளம் என்ன நினைத்திருக்கும் என்பதை நாம் அறியோம். தமக்கு உரியது பறிபோயிற்று என அவர் வழக்காடியதாகவோ முறையிட்டதாகவோ செய்தி இல்லை. 1953-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், டென்னசி மாநிலத்தில் மான்ட்டீகிள் என்னும் மலையூரிலுள்ள தம் கோடை இல்லத்தில், 87-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் மறைந்து 58 ஆண்டுகள் சென்றபின், 2011-இல், அமெரிக்கப் புதுமை காண்போர்க்குரிய தேசியப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அவர் மறைந்த அதே 1953-இல், ஏப்ரல் திங்களில், சென்னையின் டிராம் வண்டிகளும் நின்றுபோயின. அவ்வாண்டு ஐப்பசியில் மழை வந்தபோது மயிலாப்பூர்த் தெருக்களில் டிராமின் மணியோசை இல்லை. அந்தத் தண்டவாளங்களின் ஓரமாகச் சென்ற கார்களின் கண்ணாடிகளில் துடைப்பான்கள் ஆடிக்கொண்டிருந்தன.